விருப்ப ஓய்வுக் கடிதத்தை இப்போது எழுத வேண்டாம்

கேள்வி: டெல்டா பக்கம் ஒரு கிராமத்தில் கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். வயது 43, சர்வீஸ் 21 வருடம். பக்கத்துத் துணை சுகாதார நிலையத்தில் பணியிடம் காலி. ஒன்றரை வருடமாக அதுவும் என் பொறுப்பில்தான். இரண்டையும் சேர்த்தால் 11 ஆயிரம் பேருக்கு மேல் வருகிறது. பகலெல்லாம் வீடு வீடாகப் போகிறேன், ராத்திரி உட்கார்ந்து, கர்ப்பிணிகள், குழந்தைகள் விவரம் பதிகிற பிக்மி இணையதளத்தில் என்ட்ரி போடுகிறேன்.

எட்டு மாதத்துக்கு முன்னால் என் ஏரியாவில் ஒரு தாய் இறந்துவிட்டாள். மூன்றாவது பிரசவம், எட்டாம் மாதம். செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் பிபி 150/100, யூரினில் அல்புமின் (புரதம்) ப்ளஸ் டூ. இரண்டுமே ஆபத்து அறிகுறி. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். மறுநாள் போன் பண்ணினேன். வீட்டில் விசேஷம், முடிந்ததும் போகிறோம் என்றார்கள். வியாழக்கிழமை விடியற்காலை வலிப்பு வந்து 108-இல் ஏற்றினார்கள். மருத்துவக் கல்லூரியில் காப்பாற்ற முடியவில்லை. ரிவ்யூ மீட்டிங்கில் என்னை எழுப்பி நிற்க வைத்து, "நீ கூடவே போயிருந்தா இந்தச் சாவு நடந்திருக்குமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்கள்.

அதற்கப்புறம் தூக்கம் போய்விட்டது. மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. போன் அடித்தால் நெஞ்சு படபடக்கிறது. போன மாதம் 19 வயதுப் பெண் ஒருத்தி, வாந்தி வருகிறது என்று சத்து மாத்திரையை நிறுத்திவிட்டாள். அவளைக் கண்டபடி கத்திவிட்டேன். அந்தப் பெண் அழுதது, எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. மே மாதம் நாலு நாள் லீவ் போட்டு குலதெய்வம் கோயிலுக்குப் போனோம். அங்கேயும் எதிலும் மனசு ஒட்டவில்லை. ஆறு மாதமாக ராத்திரியில் தூக்கத்துக்கு அல்பிரஸோலம் பாதி மாத்திரை போடுகிறேன். சில நாள், தூங்கி எழுந்திருக்காமலே போய்விட்டால் தேவலை என்றுகூடத் தோன்றுகிறது.

மனநல மருத்துவரைப் பார்த்தால் ஆபீஸில் தெரிந்துவிடுமா? என் கணவர், "எல்லா வேலையிலும் டென்ஷன் இருக்கு, முடியலைன்னா வி.ஆர்.எஸ். கொடுத்துடு" என்கிறார். விருப்ப ஓய்வு கொடுத்துவிடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரி,

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், மற்ற கஷ்டங்களோடு கஷ்டமாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். தூங்கி எழுந்திருக்காமல் போனால் தேவலை என்று. முதலில் அதைப் பேசிவிடுவோம். இப்படித் தோன்றுவது பாவமும் இல்லை, கோழைத்தனமும் இல்லை. மனச்சோர்வு நோயில் வெகு சாதாரணமாக வரும் அறிகுறி. சாதாரணமாக வருகிறது என்பதால் விட்டுவிடக்கூடியது என்று அர்த்தமில்லை. இன்றைக்கு இரவே உங்கள் கணவரிடமோ அக்கா தங்கையிடமோ இந்த வரியை அப்படியே வாய்விட்டுச் சொல்லுங்கள். இந்த எண்ணம் "போனால் தேவலை" என்பதைத் தாண்டி, எப்படிப் போவது என்று யோசிக்கும் அளவுக்கு வந்தால், ஒரு மணி நேரம்கூடத் தனியாக இருக்க வேண்டாம். பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். எந்த நேரமானாலும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் பேசலாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவசச் சேவை அது, தமிழிலேயே பேசுவார்கள். இந்த எண்ணை நீங்களே எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்திருப்பீர்கள். இப்போது உங்களுக்காகக் கூப்பிடுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வேலையை விடுவதா வேண்டாமா என்று கேட்கிறீர்கள். கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்ததில் எனக்கு இரண்டு வேறு பிரச்சினைகள் தெரிகின்றன. இரண்டும் பின்னிக் கிடப்பதால் உங்களுக்கு ஒன்றாகத் தெரிகிறது. ஒன்று, வேலை உங்களை உறிஞ்சி எடுத்துவிட்டது. இன்னொன்று, அதன் மேல் மனச்சோர்வு நோயும் வந்து உட்கார்ந்திருக்கலாம். முதலாவதற்கு வேலை மாற வேண்டும். இரண்டாவதற்கு சிகிச்சை வேண்டும். வேலையை விட்டால் நோய் போகாது. மாத்திரை சாப்பிட்டால் காலிப் பணியிடம் நிரம்பாது.

முதலாவதை ஆங்கிலத்தில் பர்ன்அவுட் என்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதற்கு ஒரு வரையறை கொடுத்தது. இதை நோய் என்று அது வகைப்படுத்தவில்லை, வேலையோடு மட்டும் தொடர்புடைய ஒரு நிலை என்று சொன்னது. மூன்று அடையாளங்களையும் குறிப்பிட்டது: ஓய்வெடுத்தாலும் தீராத களைப்பு, வேலையிலிருந்தும் அதைச் சார்ந்தவர்களிடமிருந்தும் மனசு விலகிப்போவது, நான் செய்வதில் ஒரு பிரயோஜனமும் இல்லை என்ற எண்ணம். அந்த 19 வயதுப் பெண் அழுதபோது உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை என்றீர்களே, அது இந்த இரண்டாவது அடையாளம்தான். ஈரமில்லாதவளாக ஆகிவிட்டோமோ என்று பயப்படுகிறீர்கள். அளவுக்கு மீறிக் கொடுத்த மனசு, இனி தாங்காது என்று தன்னை மூடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு மாதம் கழித்தும் எனக்கு எழுதுகிறீர்கள் என்றால் ஈரம் வற்றிவிடவில்லை. அடுத்த கிளினிக்கில் அவளைப் பார்க்கும்போது, "அன்னிக்குக் கோபமாப் பேசிட்டேம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, மாத்திரையை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் இருவருக்குமே நல்லது.

இரண்டாவது விஷயத்தில் என்னை யோசிக்க வைத்தது குலதெய்வம் கோயில். வேலைக் களைப்பு மட்டும் என்றால், ஊரை விட்டுப் போன இரண்டாம் நாளாவது கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவது, நல்ல புடவை கட்டுவது, சொந்தக்காரர்களோடு பேசுவது, இதில் ஏதாவது ஒன்று இனித்திருக்கும். உங்களுக்கு எதுவும் இனிக்கவில்லை. மூன்று மணிக்கே விழிப்பு, எதிலும் நாட்டமின்மை, குற்ற உணர்வு, செத்தால் தேவலை என்ற எண்ணம், இவையெல்லாம் மாதக்கணக்கில் இருக்கின்றன. மனச்சோர்வு என்று சந்தேகிக்க இரண்டு வாரம் இருந்தாலே போதும். மனச்சோர்வை அளக்க ஒன்பது கேள்விகள் கொண்ட பிஹெச்க்யூ-9 படிவம் உங்களுக்குப் பழக்கமாக இருக்கலாம். ஒரு தாளில் உங்களுக்காக நீங்களே நிரப்பிப் பாருங்கள். மொத்த மதிப்பெண் பத்தோ அதற்கு மேலோ வந்தால் கட்டாயம் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றிய எண்ணம். அதற்கு மட்டும் நீங்கள் "ஆம்" என்றாலே, மற்ற எட்டும் பூஜ்யமாக இருந்தாலும் போய்ப் பார்க்க வேண்டும். கடிதத்தை வைத்து நான் நோயை உறுதி செய்ய முடியாது. ஆனால் என் எதிரில் உட்கார்ந்து இதையே சொல்லியிருந்தால் அன்றைக்கே சிகிச்சையைத் தொடங்கியிருப்பேன்.

கூடவே சில ரத்தப் பரிசோதனைகள். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை. ஊரில் இருக்கும் கர்ப்பிணிகள் எல்லோருடைய ஹீமோகுளோபினும் உங்களுக்கு மனப்பாடம். உங்களுடையது எவ்வளவு என்று தெரியுமா? ரத்தசோகையும் தைராய்டு குறைவும் இதே சோர்வைக் கொண்டுவரும். 43 வயதில் மாதவிலக்கு மாறத் தொடங்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

அந்தத் தாயின் மரணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். வேலைப் பளுவைப் பற்றி நீங்கள் எழுதியது சில வரிகள்தான். அந்தச் சாவையும் மீட்டிங்கையும் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறீர்கள். வேலைக் களைப்பைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த கிறிஸ்டினா மாஸ்லாக், மைக்கேல் லெய்ட்டர் இருவரும், மனிதரை உடைப்பது பளு மட்டுமல்ல என்கிறார்கள். வேலையில் நம் கையில் இருக்கும் அதிகாரம், கிடைக்கும் அங்கீகாரம், கூட இருப்பவர்கள், நியாயம், நாம் நம்பும் மதிப்புகள் என்று வரிசையாகச் சொல்கிறார்கள். உங்கள் விஷயத்தில் அறுந்தது நியாயம். 11 ஆயிரம் பேரைச் சுமந்தபோதும் நின்றுகொண்டிருந்தீர்கள். அந்த ஒரு கேள்வியில்தான் சாய்ந்தீர்கள்.

பயிற்சியில் "மூன்று தாமதங்கள்" பற்றிப் படித்திருப்பீர்கள். மருத்துவமனைக்குப் போக முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்தபின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். இதை வைத்து அந்த மூன்று நாட்களையும் பாருங்கள். செவ்வாய்க்கிழமை பிபி பார்த்தது நீங்கள். யூரின் பார்த்தது நீங்கள். ஆபத்தைக் கண்டுபிடித்து, அன்றைக்கே அனுப்பியதும் நீங்கள். மறுநாள் தடுப்பூசி நாள். இரண்டு சென்டர் குழந்தைகளுக்கும் ஊசி போட்டுக்கொண்டே போனும் பண்ணியிருக்கிறீர்கள். தாமதம் நடந்தது குடும்பம் முடிவெடுக்கும் இடத்தில். மூன்றாவது பிரசவம்தானே என்ற அலட்சியம், வீட்டு விசேஷம், அந்தப் பெண்ணின் உடம்பைப் பற்றி அந்தப் பெண்ணைத் தவிர எல்லோரும் முடிவெடுக்கும் வழக்கம், இவையெல்லாம் அந்தத் தாமதத்தில் இருக்கின்றன.

நீங்கள் வேறு எதுவும் செய்திருக்கவே முடியாது என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் நம்பமாட்டீர்கள். புதன்கிழமை அவர்கள் இழுத்தடித்தபோது மருத்துவ அலுவலரிடம் சொல்லி அவரையே அந்த வீட்டுக்குப் போன் போட வைத்திருக்கலாம். இது அடுத்த தாய்க்காகக் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம். உங்களைக் கொலைகாரியாக்கும் சாட்சியம் அல்ல. வியாழக்கிழமை என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு, புதன்கிழமை இருந்த உங்களைக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். புதன்கிழமை உங்களுக்கு என்னவெல்லாம் தெரியும், என்னென்ன வேலை கையில் இருந்தது என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். சிகிச்சைக்குப் போகும்போது அதைக் கொண்டுபோய் மனநல ஆலோசகரோடு உட்கார்ந்து பேசுங்கள். அந்தத் தாயை நினைத்து வரும் துக்கம் இருக்கட்டும். தீர்ப்பை மட்டும் இறக்கி வைக்க வேண்டும்.

நோயாளியை இழந்த மருத்துவருக்கும் செவிலியருக்கும் வரும் இந்த வேதனைக்கு மருத்துவ உலகில் ஒரு பெயரே உண்டு. 2000இல் அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் வூ, சிகிச்சையில் தவறு நேர்ந்துவிட்ட மருத்துவரை "இரண்டாவதாகப் பாதிக்கப்பட்டவர்" என்று எழுதினார். பிறகு, தவறே செய்யாமல் நோயாளியை இழந்தவர்களுக்கும் அந்தப் பெயர் வந்தது. முதலில் பாதிக்கப்படுவது நோயாளியும் குடும்பமும். அடுத்தது, பக்கத்தில் நின்றவர். மகப்பேறு மரணங்களை ஆய்வு செய்ய 2017இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின் அடிப்படையே, யார் பெயரையும் இழுக்காமல், யார் மேலும் பழி போடாமல் காரணத்தைத் தேட வேண்டும் என்பதுதான். உங்களை நிற்க வைத்துக் கேட்ட கேள்வி அந்த விதிக்கே எதிரானது.

இதைப் படிக்கும் மருத்துவ அலுவலர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். 2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள். தமிழ்நாட்டில் அது 54. இந்த எண் இறங்கியதில் வெயிலில் நடந்த செவிலியர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. எண் குறையக் குறைய, மிஞ்சும் ஒவ்வொரு மரணத்தின் மேலும் மேலிருந்து வரும் அழுத்தம் கூடுகிறது. உங்களுக்கும் மேலே ஒருவர் உட்கார்ந்து கேள்வி கேட்கிறார், தெரியும். ஆனால் அந்த அழுத்தத்தை அப்படியே கடைசி ஆள் தலையில் இறக்கினால், அடுத்த முறை பிபி 150 என்பது ரிஜிஸ்டரில் 130 என்று எழுதப்படும். பயந்தவர்கள் உண்மையை எழுதமாட்டார்கள். செவிலியர்களுக்கு வருடம் ஒருமுறை யோகா முகாம் நடத்துவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதைவிட, யாரையும் கூனிக் குறுக வைக்காமல் ஒரு ரிவ்யூவை நடத்திப் பாருங்கள்.

சரி, சகோதரி, சிகிச்சைக்கு வருவோம். மனச்சோர்வு லேசாக இருந்தால் பேச்சு சிகிச்சை மட்டுமே போதும் என்று சொல்லலாம். கொஞ்சம் அதிகமாக இருந்தால் மாத்திரையும் சேரும். இந்த மாத்திரைகள் பழக்கத்துக்கு அடிமையாக்காது. முதல் ஒன்றிரண்டு வாரம் குமட்டல், தலைவலி, லேசான பதற்றம் வரலாம். பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரமாகும். நன்றாக ஆனபிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். நடுவில் நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரையைப் பாதியில் விடும் பெண்களிடம் நீங்கள் சொல்வதுதான்.

அல்பிரஸோலம் வேறு ரகம். அது அடிமையாக்கும். ஆறு மாதம் போட்டுவிட்டீர்கள், அதனால் பயந்துபோய் இன்று ராத்திரியே நிறுத்திவிட வேண்டாம். திடீரென நிறுத்தினால் தூக்கம் இன்னும் கெடும், கை நடுங்கும், சிலருக்கு வலிப்புகூட வரும். மருத்துவர் வாரம் வாரமாகக் குறைத்து நிறுத்துவார். மருந்தகத்தில் தெரிந்தவர் கொடுக்கிறார் என்று வாங்குவதை மட்டும் இதோடு விட்டுவிடுங்கள்.

ஆபீஸில் தெரியுமா? 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. மருத்துவர் உங்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் அதிகாரியிடம் பேச முடியாது. மருத்துவ விடுப்புக்குச் சான்று தேவைப்பட்டால், அதில் என்ன எழுதப்போகிறார் என்பதை முதலிலேயே மருத்துவரிடம் பேசிக்கொள்ளலாம். அப்புறம் ஒரு நடைமுறை விஷயம். உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் உங்களைத் தெரியாதவர் இருக்கமாட்டார். ஓ.பி. வரிசையில் நிற்கக் கூச்சமாக இருந்தால் பக்கத்து மாவட்ட மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்குப் போங்கள். அதில் தப்பே இல்லை.

விடுப்பு எடுக்கலாம். ஆனால் சிகிச்சையோடு சேர்த்து எடுங்கள். மனச்சோர்வில் இருப்பவர் வெறுமனே வீட்டில் படுத்திருந்தால் மூன்று மணி விழிப்போடு பகலும் நீளமாகிவிடும். தினமும் கொஞ்சம் நடப்பது, நேரத்துக்குக் குளித்துச் சாப்பிடுவது, ஒருவரிடமாவது பேசுவது, இவ்வளவு போதும்.

வேலைப் பக்கம் நீங்கள் கேட்க வேண்டியது இருக்கிறது. சமவெளியில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 பேர் என்பதுதான் கணக்கு. நீங்கள் பார்ப்பது அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். "முடியலை சார்" என்று வாயால் சொன்னால் யாருக்கும் கேட்காது. வட்டார மருத்துவ அலுவலருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். இந்த மாதம் இரண்டு சென்டரிலும் பதிவான கர்ப்பிணிகள் இத்தனை பேர், அதில் ஹை ரிஸ்க் இத்தனை, தடுப்பூசி போட வேண்டிய குழந்தைகள் இத்தனை, என்ட்ரி போட ஆகும் நேரம் இவ்வளவு. கூடுதல் பொறுப்பை மற்ற செவிலியர்களோடு சுழற்சி முறையில் பிரித்துக் கொடுக்கக் கோருகிறேன். அவ்வளவுதான். தேதி போட்டு, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தனியாகப் போக வேண்டாம். இதே நிலைமையில் இருக்கும் சிஸ்டர்கள் இரண்டு மூன்று பேரோ, உங்கள் சங்கத்தில் ஒருவரோ கூட வரட்டும்.

இன்னொன்று. ஹை ரிஸ்க் தாய் யாராவது போக மறுத்தால், அந்த நிமிடமே மருத்துவ அலுவலருக்குப் பெயர், பிபி, மறுத்த காரணம் மூன்றையும் மெசேஜில் அனுப்பிவிடுங்கள். அந்தத் தாய்க்காக யோசிக்க இன்னொருவர் வந்துவிடுவார், உங்களிடமும் எழுத்தில் ஒரு பதிவு இருக்கும். ராத்திரி போனுக்கும் இதேபோல ஓர் ஏற்பாடு வேண்டும். பிரசவ நேரத்துப் பெண்கள் இருப்பதால் அணைத்து வைக்கச் சொல்லமாட்டேன். பக்கத்து சிஸ்டரோடு பேசி, ஒருநாள் விட்டு ஒருநாள் ராத்திரி அழைப்புகளை மாற்றிவிடுங்கள். வாரத்தில் பாதி நாளாவது போனைப் பார்க்காமல் தூங்குவீர்கள்.

வி.ஆர்.எஸ். பற்றி என் கருத்து இதுதான். மனச்சோர்வில் இருக்கும்போது, நான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் அறிவு சொல்வதுபோலவே பேசும். அந்தப் பேச்சைக் கேட்டு 21 வருட வேலையை, மாதச் சம்பளத்தை, நர்சம்மா என்று ஊர் கொடுக்கும் மரியாதையை முடித்துக்கொண்டால், நோய் தெளிந்தபின் வருத்தப்படும்படி ஆகலாம். சிகிச்சை தொடங்கி ஆறு மாதம் போகட்டும். அப்போதும் இந்த வேலை வேண்டாம் என்று தோன்றினால் தாராளமாக விடுங்கள். அது நிதானமாக எடுத்த முடிவாக இருக்கும், நானும் ஆதரிப்பேன்.

உங்கள் கணவர் சொன்னது அக்கறையில்லாமல் சொன்னதாக எனக்குப் படவில்லை. அவருக்குத் தெரிந்த தீர்வு அது ஒன்றுதான். இரவில் நீங்கள் விழித்திருப்பது அவருக்குத் தெரியுமா, "எழுந்திருக்காமல் போனால் தேவலை" என்ற அந்த வரி தெரியுமா என்று கடிதத்தில் இல்லை. முதல் முறை மருத்துவரைப் பார்க்கும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். டென்ஷனுக்கும் நோய்க்கும் உள்ள வித்தியாசத்தை நீங்கள் சொல்வதைவிட மருத்துவர் சொன்னால் சீக்கிரம் புரியும்.

செவ்வாய் கிளினிக், புதன் தடுப்பூசி. அதனால் இந்த வாரம் வியாழக்கிழமைக்கு லீவ் எழுதிக் கொடுங்கள். புறநோயாளிப் பிரிவு காலையில்தான் இருக்கும், சீக்கிரமே கிளம்பி டோக்கன் வாங்கிவிடுங்கள். அல்பிரஸோலம் அட்டையையும், நிரப்பிய பிஹெச்க்யூ-9 தாளையும், புதன்கிழமையைப் பற்றி எழுதிய தாளையும் பையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் எதிரில் பேச்சு வராமல் போனால் எனக்கு எழுதிய இந்தக் கடிதத்தையே அவரிடம் கொடுத்துவிடுங்கள். படித்துவிட்டு அவரே கேட்பார்.